கறி மணக்கிறது, கை மட்டும் நாறுகிறதா?

போன ஞாயிறு எங்கள் வீட்டில் மாட்டுக்கறி நூடுல்ஸ். பெரிய வேலை ஒன்றுமில்லை. போட்டியும் கொழுப்பு கலந்த கறியும் வாங்கி வந்து, போட்டியைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நாலைந்து தண்ணீரில் அலசி, குக்கரில் வேகவைத்து எடுத்துவிட்டால் மீதி பத்து நிமிடம்தான். இரும்புச் சட்டி நன்றாகக் காய வேண்டும். கறியில் இருக்கும் கொழுப்பே உருகி எண்ணெயாகிவிடும். அதில் பூண்டு, வெங்காயம், பிறகு முட்டைகோஸ். கோஸ் முழுக்க வதங்குவதற்குள், வேகவைத்து வடித்த தடித்த கோதுமை நூடுல்ஸ், சோயா சாஸ், மிளகுத்தூள். தீயைக் குறைக்காமல் இரண்டு புரட்டு புரட்டி இறக்கினால் முடிந்தது.

படம் எடுத்து முகநூலில் போட்டேன். மாலையில் பெரியப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, இதையெல்லாம் ஊருக்குக் காட்டணுமா? நாங்கல்லாம் விட்டு நாப்பது வருசமாச்சு. இதத் தின்னதாலதான நம்மள ஒதுக்கி வச்சான்? நீங்களே தூக்கிப் பிடிச்சா அவன் எப்ப மதிப்பான்?"

பெரியப்பாவைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. அவருடைய தலைமுறை அந்த முடிவை ருசிக்காக எடுக்கவில்லை, மானத்துக்காக எடுத்தது. 1927இல் மகாடில் கூடிய மக்களிடம், செத்த மாட்டின் கறியைத் தின்பதை விட்டொழியுங்கள் என்று அண்ணல் அம்பேத்கரே கேட்டுக்கொண்டார். அந்தக் குரலின் தொடர்ச்சிதான் பெரியப்பா. ஆகவே அவர் கேட்டது பதில் சொல்லத் தகுந்த கேள்வி. நாம் ஒரு உணவைத் தின்பதால்தான் நம்மீது தீட்டு ஒட்டியதா? அப்படியென்றால், ஊரே அந்த உணவைத் தின்னத் தொடங்கிவிட்டால் தீட்டு போய்விடுமா?

இந்தச் சோதனை உண்மையிலேயே ஒரு நாட்டில் நடந்திருக்கிறது. நான் சமைத்த நூடுல்ஸின் சொந்த ஊர் அந்த நாட்டில்தான் இருக்கிறது.

சுயாமாவின் இரும்புக்கல்

ஜப்பானின் மேற்குப் பகுதியில், ஒகாயாமா மாகாணத்தின் வடக்கே, மலைகளுக்கு நடுவே சுயாமா என்றொரு நகரம். அதன் அடையாள உணவு ஹோருமோன் உதோன். 'உதோன்' என்பது தடித்த கோதுமை நூடுல்ஸ். 'ஹோருமோன்' என்பது மாட்டின் குடல், இரைப்பை, இதயம் போன்ற உள்ளுறுப்புகள். ஹார்மோன் என்ற சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. ஒசாக்கா வட்டார வழக்கில் 'தூக்கிப் போடும் சாமான்' என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது என்பது மக்கள் சொல்லும் இன்னொரு விளக்கம். சூடேறிய இரும்புக்கல்லில் குடலைப் போட்டு, அது விடும் கொழுப்பிலேயே வெங்காயம், கோஸ், முளைகட்டிய பயறு எல்லாம் வதக்கி, நூடுல்ஸைச் சேர்த்து, சோயா அல்லது மீசோ கலந்த சாற்றை ஊற்றிப் புரட்டுவார்கள். மீசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது.

2011இல் ஹிமேஜி நகரில் நடந்த பி-1 கிராண்ட் பிரி என்ற வட்டார உணவுப் போட்டியில் சுயாமாவின் ஹோருமோன் உதோன் இரண்டாம் பரிசு பெற்றது. இன்று அதைத் தின்பதற்கென்றே சுற்றுலாப் பயணிகள் அந்த ஊருக்குப் போகிறார்கள். அந்தப் பகுதியில் பழங்காலம் தொட்டு மாட்டு வணிகம் இருந்தது, நாடே மாட்டுக்கறியை விலக்கிய காலத்திலும் அங்கே 'உடம்புக்கு மருந்து' என்று சொல்லிச் சாப்பிட்டார்கள் என்பது ஊர்ப்பெருமை. நம் உப்புக்கண்டம் போலவே வெயிலில் உலர்த்திய மாட்டுக்கறியும் அங்கே உண்டு.

பெருமை இருக்கட்டும். அந்த மாட்டை உரித்த கை யாருடையது?

விலக்கியவனும் விலக்கப்பட்டவனும்

கி.பி. 675இல் தென்மு என்ற பேரரசர் ஒரு ஆணை போட்டார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் கறியை ஆண்டின் நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை தின்னக் கூடாது. மானும் காட்டுப்பன்றியும் பட்டியலில் இல்லை. உழவு நடக்கும் மாதங்களுக்கு மட்டும் தடை, உழவுக்கு உதவும் விலங்குகள் பட்டியலின் தலைப்பில். இதைப் பார்த்தாலே ஆணையின் பாதி நோக்கம் வயலில் இருந்தது என்று தெரிகிறது. மீதி நோக்கத்தைப் பௌத்தத்தின் கொல்லாமை கொடுத்தது. இதோடு அந்நாட்டின் பழைய ஷின்தோ வழக்கில் இருந்த 'கெகரே' சேர்ந்துகொண்டது. சாவு, இரத்தம், பிள்ளைப்பேறு இவற்றைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் அசுத்தம் என்று பொருள். நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை, தீட்டுதான்.

ஆனால் மாடு சாகாமல் இருக்குமா? செத்த மாட்டை யாராவது அகற்ற வேண்டும். சாமுராயின் கவசத்துக்கும் குதிரைச் சேணத்துக்கும் தோல் வேண்டும். கோயிலில் அடிக்கும் பெரிய தாய்கோ முரசுக்கு மாட்டுத்தோல்தான் வேண்டும். இந்த வேலைகளைச் செய்தவர்களுக்கு 'எத்தா' என்று பெயர் வைத்தார்கள். அதை எழுதும் சித்திர எழுத்துகளுக்குப் பொருள் 'அழுக்கு மிகுந்தவர்'. 1603 முதல் 1867 வரை நீண்ட தோக்குகாவா ஆட்சியில் இது பிறப்பால் வருவதாக இறுக்கப்பட்டது. தனிக் குடியிருப்பு, உடையிலும் தலைமுடியிலும் கட்டுப்பாடு, உழவர் வீட்டுக்குள் நுழையத் தடை. செத்த மாட்டை எடுக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும் உண்டு. அந்த உரிமையே அவர்களுடைய விலங்கும் ஆனது.

இன்னொரு பக்கம் பாருங்கள். அதே காலத்தில் ஹிக்கோனே சிற்றரசின் ஈ குடும்பத்தார், மீசோவில் ஊறவைத்த மாட்டுக்கறியை 'மருந்து' என்ற பெயரில் ஷோகுனுக்குப் பரிசாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மேலிருப்பவன் தின்றால் மருந்து, கீழிருப்பவன் தின்றால் அழுக்கு. முரசுக்குக் கோயிலில் மரியாதை, முரசு செய்தவனுக்குக் கோயில் வாசலில்கூட இடமில்லை. பறையையும் பறையரையும் அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அரசர் தின்றார், நாடு தின்றது

19ஆம் நூற்றாண்டின் நடுவில் மேற்கத்தியப் போர்க்கப்பல்கள் ஜப்பானின் கதவைத் தட்டின. வெள்ளைக்காரனின் உடம்பு ஏன் பெரிதாக இருக்கிறது, அவன் ஏன் வலுவாக இருக்கிறான் என்று யோசித்த ஜப்பானிய அறிவாளிகள், அவன் மாட்டுக்கறி தின்கிறான் என்ற முடிவுக்கு வந்தார்கள். நவீன ஜப்பானின் சிந்தனையாளராகப் போற்றப்படும் ஃபுகுசாவா யுகிச்சி, 1870இல் ஒரு மாட்டுக்கறி நிறுவனத்துக்காகக் கறி உண்பதை ஆதரித்துக் கட்டுரையே எழுதினார். 1871இல் கனகாக்கி ரோபுன், மாட்டுக்கறிக் கொதிசட்டியைச் சுற்றி உட்கார்ந்து வம்பளக்கும் மனிதர்களை வைத்து நகைச்சுவை நூல் எழுதினார். 1872 தொடக்கத்தில் பேரரசர் மெய்ஜியே மாட்டுக்கறி உண்டார் என்ற செய்தி நாடெங்கும் பரப்பப்பட்டது. ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழக்கம் ஒரே தலைமுறையில் தலைகீழானது. மாட்டுக்கறி தின்பது 'நாகரிகம்' ஆனது.

இதே நேரத்தில்தான், 1871இல், அரசு இன்னொரு ஆணையும் போட்டது. எத்தா, ஹினின் முதலிய பெயர்கள் ஒழிக்கப்படுகின்றன, இனி இவர்களும் தகுதியிலும் தொழிலிலும் மற்றக் குடிமக்களைப் போன்றவர்களே. இதை விடுதலை ஆணை என்பார்கள்.

காகிதத்தில் பார்த்தால் எல்லாம் கூடி வந்துவிட்டது. கறியின் மீதிருந்த தடை போயிற்று, கறியோடு சேர்த்து இழிவுபடுத்தப்பட்ட மக்களின் மீதிருந்த பெயரும் போயிற்று. பெரியப்பாவின் கணக்குப்படி இனி மதிப்பு வந்திருக்க வேண்டும்.

வந்தது என்ன? அதே 1871இல், செத்த மாட்டை உடைமையாளர் தன் விருப்பப்படி விற்கலாம் என்று அரசு சொல்லிவிட்டது. தலைமுறை தலைமுறையாக இழிவுக்குக் கூலியாகக் கிடைத்துவந்த ஒரே பொருளாதார உரிமை பறிபோனது. இராணுவத்துக்குப் பூட்ஸ் தேவைப்பட்டதும் பணம் படைத்தவர்கள் தோல் தொழிலில் இறங்கினார்கள். தோலில் லாபம் வந்தபோது யாருக்கும் தீட்டு உறுத்தவில்லை. நிலம் கொடுக்கவில்லை, ஈடு கொடுக்கவில்லை. பழைய பெயரை எடுத்துவிட்டு 'புதுக் குடிமக்கள்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் 'புது' என்ற ஒட்டே புதிய அடையாளக் குறியாகிவிட்டது.

மன்னிப்புக் கடிதம் தராத கிராமம்

இப்போது மீண்டும் சுயாமாவுக்கு வருவோம்.

1873 மே மாதம். சுயாமாவைச் சுற்றிய மிமாசாக்கா வட்டாரத்தில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கட்டாய இராணுவ சேவை பற்றிய அரசு அறிவிப்பில் 'இரத்த வரி' என்ற சொல் இருந்தது. அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, அரசு ஆள் அனுப்பி மனிதர்களின் இரத்தத்தை உறிஞ்சப் போகிறது என்ற வதந்தி பரவியது. அதனால் வரலாற்றில் இதற்கு இரத்த வரிக் கலகம் என்றே பெயர்.

ஆனால் கலகக்காரர்களின் மனக்குறைப் பட்டியலில் என்னவெல்லாம் இருந்தது என்று பார்க்க வேண்டும். கட்டாய இராணுவ சேவை, நிலப்பத்திரம், பள்ளிக்கூடம், மேற்கத்திய முடிவெட்டு, மாடு அறுப்பது, எத்தா என்ற பெயரை ஒழித்தது. கடைசி இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மாட்டை அறுப்பதும் எத்தாவை மனிதன் என்பதும் அவர்கள் கண்ணில் ஒரே பட்டியலின் அடுத்தடுத்த குற்றங்கள். வரிச்சுமையும் கட்டாய சேவையும் உண்மையான துன்பங்கள்தான். அந்த உழவர்களின் கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் இறங்கிய இடம் வேறு.

விடுதலை ஆணைக்குப் பிறகு அந்த வட்டாரத்து எத்தா மக்கள் நிமிரத் தொடங்கியிருந்தார்கள். வழியில் உழவனைக் கண்டால் பழையபடி குனிவதில்லை. இதைத்தான் 'திமிர்' என்றார்கள். கும்பல் ஒவ்வொரு குடியிருப்பாகப் போய், இனிமேல் பழைய மரியாதையோடு நடந்துகொள்கிறோம் என்று மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னது. பல ஊர்கள் உயிருக்குப் பயந்து எழுதிக் கொடுத்தன. சுகவாரா என்ற கிராமம் எழுதித் தர மறுத்து எதிர்த்து நின்றது. தீ வைத்தார்கள், துரத்தித் துரத்திக் கொன்றார்கள். 18 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஒரு கலகத்தில் வட்டாரம் முழுவதும் எரிக்கப்பட்ட, இடிக்கப்பட்ட எத்தா வீடுகள் நூற்றுக்கணக்கில். பிறகு கலகத்தை அரசு அடக்கியது, தலைமை தாங்கியவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. பேரரசர் மாட்டுக்கறி தின்று ஒன்றரை ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை.

கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேரை எரித்ததற்கு முன்பும் இதே போன்ற கட்டளைதான் இருந்தது. செங்கொடியை இறக்கு, பழையபடி அடங்கி நட என்பதுதான் அது. நாம் என்ன தின்றோம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, ஏன் குனியவில்லை என்றுதான் கேட்டார்கள்.

கறி ஊரேறியது, ஆள் ஏறவில்லை

அடுத்த நூறாண்டில் ஜப்பானிய மாட்டுக்கறி உலகப் புகழ் பெற்றது. கோபே மாட்டுக்கறி என்றால் பணக்காரர்களின் உணவு. ஆனால் புராக்கு என்று இன்று அழைக்கப்படும் அந்தக் குடியிருப்புகளின் மக்களை ஊர் விட்டுவைக்கவில்லை. 1975இல் ஒரு விஷயம் வெளியே வந்தது. நாடு முழுவதும் உள்ள புராக்கு ஊர்களின் பெயர்களைத் தொகுத்து இரகசியப் புத்தகமாக விற்றிருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிப்பவர் அந்த ஊர்க்காரரா என்று பார்ப்பதற்காகப் பெரிய நிறுவனங்களே அதை வாங்கி வைத்திருந்தன. திருமணத்துக்கு முன் துப்பறிவாளர் வைத்துப் பரம்பரை விசாரிப்பதும் நடந்தது. டோக்கியோவின் ஷிபாவுரா இறைச்சிக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு வரும் வசைக் கடிதங்களை, அந்தக் கூடத்தின் தகவல் மையத்திலேயே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கடிதம் எழுதியவர் அன்றிரவு எந்தக் கறியைத் தின்றாரோ, யாருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நம் தோழர்களுக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் இந்த இழிவுக்குத் துணை நின்றவற்றில் பௌத்த மடங்களும் உண்டு. இறந்தவருக்குப் பௌத்த முறைப்படி புதுப் பெயர் சூட்டும் வழக்கம் அங்கே இருக்கிறது. புராக்கு மக்களின் கல்லறைகளில் 'விலங்கு' என்று பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் சூட்டியிருந்தார்கள். செத்த பிறகும் சாதி. மடங்கள் இதை ஒப்புக்கொண்டு திருத்த முன்வந்தது 1980களை ஒட்டித்தான், அதுவும் புராக்கு இயக்கம் கேள்வி கேட்ட பிறகு. அம்பேத்கர் 1956இல் பௌத்தத்தை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், சமத்துவத்தை மையமாக்கி மறுவரையறை செய்து ஏற்றதன் அருமை இங்கே புரிகிறது.

புராக்கு மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் ஸுய்ஹெய்ஷா என்ற சமத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கறுப்புக் கொடி, அதில் சிவப்பு முள்முடி. அதன் அறிக்கையை எழுதிய சைகோ மன்கிச்சி ஒரு பௌத்தக் கோயில் குடும்பத்துப் பிள்ளை. அந்த அறிக்கை தோல் தொழிலை மறைக்கவில்லை, எத்தா என்ற சொல்லைக்கூட மறைக்கவில்லை. எத்தாவாக இருப்பதில் பெருமை கொள்ளும் காலம் வந்துவிட்டது என்பதே அதன் சாரம். இன்று ஒசாக்காவின் நானிவா பகுதியில், பல நூறாண்டுகளாக முரசு செய்த சமூகத்தின் இளைஞர்கள் நடத்தும் முரசுக் குழுவின் பெயர் 'இகாரி'. கோபம் என்று பொருள். பாகுபாட்டை ஒழிப்பதற்கென்று, புராக்கு என்ற பெயரையே சொல்லி ஒரு சட்டம் வந்தது 2016 டிசம்பரில். விடுதலை ஆணைக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையில் 145 ஆண்டுகள்.

எலும்போரத்து உணவு

கறி ஊரேறிய கதைக்குள் இன்னொரு கிளைக் கதை உண்டு. ஒசாக்காவுக்குத் தெற்கே புராக்கு குடியிருப்புகளில் 'அபுராகாசு' என்றொரு உணவு. மாட்டுக் குடலை அதன் கொழுப்பிலேயே நெடுநேரம் பொரித்து, கொழுப்பை வடித்தெடுத்த பின் மிஞ்சும் மொறுமொறுப்பான சக்கை. பெயருக்கே 'எண்ணெய்க் கசடு' என்றுதான் பொருள். நல்ல கறி விற்பனைக்குப் போய்விடும், கொழுப்பும் போய்விடும், வீட்டுக்கு மிஞ்சுவது இது. கீரையோடும் கோஸோடும் சேர்த்து வதக்குவார்கள், நூடுல்ஸ் சூப்பில் போடுவார்கள். வெளியில் பேசக் கூச்சப்பட்ட இந்த உணவு, இப்போது 'காசு உதோன்' என்ற பெயரில் ஒசாக்காவின் பொதுக் கடைகளில் விற்கிறது.

ஒசாக்காவின் புராக்கு குடியிருப்பில் பிறந்த எழுத்தாளர் உஎஹாரா யோஷிஹிரோ, 2005இல் ஒதுக்கப்பட்டோரின் சாப்பாட்டு மேசை பற்றி ஒரு நூல் எழுதினார். அபுராகாசுவில் தொடங்கிய அவர், அமெரிக்கக் கறுப்பர்களின் பொரித்த கோழி, பிரேசிலின் ஃபெய்ஜோவாடா, நேபாளத்துத் தலித்துகளின் மாட்டுக்கறி என்று தேடிக்கொண்டு போனார். தூக்கிப் போட்டதை எடுத்து ருசியாக்கியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நம் போட்டி வறுவலும் இரத்தப் பொரியலும் உப்புக்கண்டமும் அந்த மேசையில் இருக்க வேண்டியவைதான்.

ருசி ஏறியதும் ஊர் வாங்கிக்கொள்ளும். அதில் தவறில்லை, உணவு பரவட்டும். ஆனால் பத்து நிமிடத்தில் நூடுல்ஸ் புரட்டுகிறோமே, அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் யாரோ விடியற்காலை எழுந்து மாட்டை அறுத்து, குடலை உருவி, சாணத்தைப் பிதுக்கிக் கழுவியிருக்கிறார்கள். உணவு ஊருக்குள் வரும்போது அந்தக் கையும் கூட வர வேண்டும். ஜப்பானில் வரவில்லை.

பெரியப்பாவுக்குச் சொன்னது

1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அம்பேத்கர், மாட்டுக்கறி விலக்கலையும் தீண்டாமையையும் இணைத்து விளக்கினார். பௌத்தத்தை வெல்வதற்காகப் பார்ப்பனர் மாட்டுக்கறியை விட்டார்கள், தொடர்ந்து உண்ட சிதறுண்ட மக்கள் தீண்டப்படாதவர் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். இதைத் 'தின்றதால் தீட்டு' என்று சுருக்கிவிடக் கூடாது. அவர் காட்டுவது, அதிகாரத்துக்கான போட்டியில் ஒரு உணவு எப்படி எல்லைக்கோடு ஆக்கப்பட்டது என்பதை. கோட்டைப் போட்டவனுக்குக் கோட்டை நகர்த்தவும் தெரியும்.

இரண்டு நாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே நம்மில் பலர் மாட்டுக்கறியை விட்டார்கள், தீட்டு போகவில்லை. அங்கே அரசரிலிருந்து ஆண்டி வரை எல்லோரும் மாட்டுக்கறிக்கு வந்தார்கள், அப்போதும் தீட்டு போகவில்லை. அப்படியென்றால் தீட்டு கறியில் எப்போதுமே இருந்ததில்லை. ஒருவன் உழைப்பை விலையில்லாமல் எடுத்துக்கொள்ள, அவனை நிமிரவிடாமல் வைத்திருக்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. கறி அந்தச் சாக்கு. ஒரு சாக்கு தீர்ந்தால் இன்னொன்று கிடைக்கும், ஊர்ப் பெயர்ப் பட்டியல் போல. 2002இல் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, சாதி உள்ளிட்ட பிறப்பு வழிப் பாகுபாடுகளைக் கண்டித்துப் பொதுப் பரிந்துரை வெளியிட்டது. அந்த உலகளாவிய வாதத்தில் தலித் இயக்கமும் புராக்கு இயக்கமும் ஒன்றாக நின்றது தற்செயல் அல்ல.

விரும்பாதவர்கள் தின்ன வேண்டாம். விட்டவர்கள் விட்டதாகவே இருக்கட்டும், அவர்கள் மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதை விட்டால் மதிப்பான் என்று இன்னொரு தலைமுறையிடம் சொல்லாதீர்கள். மதிப்பதற்காக அவன் காத்திருக்கவில்லை. நாம் எழுதித் தரும் மன்னிப்புக் கடிதத்துக்காகத்தான் காத்திருக்கிறான்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். இடையில் ஒரு பேச்சும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்த பிறகு சற்று நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"எழுதிக் குடுக்க மாட்டேன்னு சொன்ன அந்த ஊரு பேரு என்ன சொன்ன?"

சுகவாரா என்றேன்.